கேனரி வளர்ப்பு: ஒரு மிளகாய் வியாபாரியின் அனுபவம்

வழக்கமாக வத்தல் வரத்து, பருப்பு விலை, வரிக் கணக்கு என்று ஏதாவது எழுதி வருபவன் நான். சென்ற மாதம் சங்க வேலையாக மூன்று உறுப்பினர்கள் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் கூண்டைத் திறந்து விரலை நீட்டியதும் மஞ்சள் குருவி ஒன்று வந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்து அரை மணி நேரம் அதைப் பற்றியே கேட்டார்கள். அதில் ஒருவர், "அண்ணாச்சி, நம்ம கடைக்கு ஒண்ணு வாங்கி மாட்டலாம்னு இருக்கேன். எங்கே கிடைக்கும்?" என்றார். "கடைக்கு வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். ஏன் வேண்டாம் என்பதை அப்போது விளக்கமாகச் சொல்ல நேரமில்லை. அதைச் சொல்லவும், வீட்டில் வளர்க்க விரும்புவோருக்கு எனக்குத் தெரிந்த முறைகளைச் சொல்லவும்தான் இதை எழுதுகிறேன்.

கேனரி நம் சிட்டுக்குருவியைவிடச் சற்றுச் சிறிய பறவை. எடை சுமார் 20 கிராம். கல்லாப்பெட்டி அருகே ஏலக்காய் நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தால்தான் முள் அசையும். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் உள்ள கேனரித் தீவுகள், மதீரா, அசோர்ஸ் ஆகியவை அதன் பூர்வீகம். தீவின் பெயரே பறவைக்கு வந்தது. காட்டில் இருக்கும் கேனரி பச்சை கலந்த மஞ்சளாக, உடம்பில் கோடுகளோடு இருக்கும். நாம் பார்க்கும் எலுமிச்சை மஞ்சள் நிறமெல்லாம் மனிதர் வளர்த்துப் பிரித்தெடுத்த வகை. 15ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்தத் தீவுகளைப் பிடித்த பிறகு ஐரோப்பாவுக்குப் போனது. ஜெர்மனியில் ஹார்ஸ் மலைப்பகுதியில் சுரங்க வேலை செய்த குடும்பங்கள் பாட்டுக்காகவே இதைப் பெருக்கினார்கள். வியாபாரிகள் சின்னச் சின்ன மரக்கூண்டுகளை அடுக்கி, முதுகில் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றிருக்கிறார்கள். நம் பக்கம் தலையில் கூடை வைத்து விற்றவர்களைப் போலத்தான்.

சட்டம் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பச்சைக் கிளி, மைனா, சில்லை முதலியவற்றைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடை வாசலில் கிளிக்கூண்டு தொங்குவதைப் பார்த்து வனத்துறையினர் வந்து நின்றால், "தெரியாதுங்க" என்ற பதில் எடுபடாது. கேனரி வெளிநாட்டுப் பறவை, பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்வது. அந்தத் தடை இதற்குப் பொருந்தாது. சில்லைக்குச் சாயம் பூசி வெளிநாட்டுக் குருவி என்று தள்ளிவிடும் ஆட்களும் உண்டு. இறகை ஈரத் துணியால் தொட்டால் சாயம் ஒட்டும்.

வாங்கும்போது இன்னொரு ஏமாற்றம், ஆண் என்று சொல்லிப் பெண்ணை விற்பது. பாடுவது ஆண்தான். பெண் 'சிப் சிப்' என்று கூப்பிடுவதோடு சரி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஆகவே விற்பவர் சத்தியம் செய்தாலும் நம்பாமல், பாட்டைக் காதால் கேட்ட பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். ஒரு முறை போய்ப் பாடவில்லை என்றால் மறுநாள் காலையில் போங்கள். மாதிரி பார்க்காமல் மூட்டை எடுப்பவர் நம்மில் யாரும் இல்லையே. சிவப்புக் கேனரி வாங்கிய நண்பர் ஒருவர், அடுத்த ஆண்டு சாயம் போய்விட்டது என்று விற்றவரோடு சண்டைக்குப் போனார். அது சாயம் இல்லை. அந்தச் சிவப்பு நிலைக்க, இறகு முளைக்கும் காலத்தில் அதற்கென்று உள்ள நிறச் சத்துத் தீவனம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் புது இறகு வெளிறித்தான் வரும்.

முதல் குருவி

நான் முதலில் கேனரி வாங்கியது 2008இல். சென்னைக்கு வசூலுக்குப் போனபோது ஒரு வீட்டு மாடியில் பாட்டைக் கேட்டு, விசாரித்து, வளர்ப்பவரிடமே வாங்கி வந்தேன். விருதுநகரில் என் கடையில், கல்லாவுக்கு மேலே கூண்டை மாட்டினேன். கடைக்குக் கூட்டம் கூடியது உண்மை. சில்லறைக் கடைக்காரர்கள் சிட்டை எழுதக் காத்திருக்கும் நேரத்தில் அண்ணாந்து பார்த்துக் கொண்டிருப்பார்கள். "மில்லுக்காரர் கடை, மேலத் தெருக் கடை" என்று சொல்லி வந்தவர்கள் என் கடையைக் "குருவிக் கடை" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஏழெட்டு மாதம் நன்றாகப் பாடியது. தை பிறந்து புது வத்தல் வரத்துத் தொடங்கியது. ஆந்திராவிலிருந்து லோடு வந்து, கடைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கிட்டங்கியில் நாலு நாள் இறக்கினோம். மிளகாய் இறக்கும்போது நெடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் போகிறவரும் தும்முவார். இரண்டாம் நாளே குருவி பாடவில்லை. நான் அதைக் கவனித்தேன் என்பதுதான் இன்றும் மனதை உறுத்துகிறது. லாரிச் சத்தத்தில் பயந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். நாலாம் நாள் மாலை உடம்பை உப்பிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. மறுநாள் காலை கடை திறந்தபோது கூண்டின் தரையில் கிடந்தது.

ஏதோ நோய் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். பிறகு மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்த கால்நடை டாக்டரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, அவர் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இங்கே வச்சா எப்படிய்யா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகுதான் பறவையின் மூச்சு பற்றி விசாரித்தும் படித்தும் தெரிந்து கொண்டேன்.

நமக்கு மூச்சு உள்ளே போன வழியிலேயே வெளியே வருகிறது. பறவைக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. அதனால் காற்று நுரையீரலில் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக் காற்றுப் போய்க்கொண்டே இருக்கும். பறப்பதற்கு அத்தனை பிராண வாயு வேண்டும். அதே காரணத்தால், காற்றில் விஷமோ தூசியோ இருந்தால் அதையும் நம்மைவிட விரைவாக, அதிகமாக உள்வாங்கிவிடும். இருபது கிராம் உடம்பு எவ்வளவு தாங்கும்?

இதைத்தான் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களில் பயன்படுத்தினார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி, சுரங்க வெடி விபத்துகளில் செத்தவர்களில் பலர் கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத விஷவாயுவால் செத்தார்கள் என்று 1890களில் கண்டறிந்து, சிறு பறவையோ எலியோ உடன் கொண்டு போகுமாறு யோசனை சொன்னார். மனிதனுக்குத் தலை சுற்றுவதற்கு முன்பே கேனரி தள்ளாடி விழும். உடனே ஆட்கள் மேலே ஏறிவிடுவார்கள். சில கூண்டுகளின் மேல் ஒரு சின்ன ஆக்சிஜன் புட்டியும் பொருத்தியிருந்தார்கள். குருவி மயங்கினால் கூண்டின் கதவை அடைத்து, புட்டியைத் திறந்து பிழைக்க வைப்பார்களாம். மின்னணுக் கருவி வந்து அந்த வேலையிலிருந்து அவற்றை ஓய்வு பெறச் செய்யும் முடிவு வந்தது 1986 இறுதியில். அப்போதும் 200க்கும் மேற்பட்ட கேனரிகள் பணியில் இருந்தன.

அவர்கள் தெரிந்து கொண்டு போனார்கள், நான் தெரியாமல் கல்லாவுக்கு மேல் மாட்டினேன். குருவி சொன்ன சேதியையும் நான் கேட்கவில்லை. அந்த ஆண்டுதான் வத்தல் இறக்கும் பையன்களுக்கு முகமூடி வாங்கிக் கொடுத்தேன். கிட்டங்கிச் சுவரில் இரண்டு வெளியேற்றும் விசிறியும் வைத்தேன். என் கடையில் சுமை தூக்கிய பெரியவர் ஒருவர் எத்தனையோ ஆண்டுகளாக இருமிக்கொண்டே வேலை பார்த்தார். பீடிப் பழக்கம் என்று நானே சொல்லி வந்திருக்கிறேன். பீடியும் காரணமாக இருந்திருக்கலாம். வண்டுக்குப் புகை மாத்திரை போடும் கிட்டங்கியை ஒட்டி வீடு வைத்திருப்பவர்கள் பறவை என்ன, தாங்களே அங்கே படுத்து உறங்கலாமா என்று யோசிக்க வேண்டும்.

வீட்டில் எங்கே வைப்பது

அடுத்த குருவியை வாங்க எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயிற்று. பேத்தி கேட்டாள் என்று 2020 ஜனவரியில் வாங்கினேன். இந்த முறை குருவிக்கு முன்பு இடத்தைத் தேடினேன்.

அடுக்களை கூடாது. தாளிப்பு நெடி ஒரு பக்கம் இருக்க, ஒட்டாத தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை கண்ணுக்கே தெரியாது, பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பூஜை அறையும் கூடாது. ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம். படுக்கை அறையில் கொசுவர்த்திச் சுருளும், செருகி வைக்கும் கொசு மருந்தும். வாசலில் வைத்தால் பூனை, காகம். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கொண்டே வந்ததில், கடைசியில் எங்கள் வீட்டில் மிஞ்சியது முற்றத்தை ஒட்டிய கிழக்குத் தாழ்வாரத்தின் ஒரு மூலை. காலை வெயில் ஒரு மணி நேரம் சாய்வாக விழும். ஒரு பக்கம் சுவர். குருவிக்கு முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால்தான் தைரியம். கூண்டு நம் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் வைத்தால் போகிற வருகிறவர் எல்லாம் பருந்து மாதிரி அதற்குத் தோன்றும்.

கொசு மருந்து போட முடியாது, ஆனால் கொசுவையும் விட முடியாது. கேனரிக்கு வரும் அம்மை நோயைக் கொசுதான் பரப்புகிறது. ஆகவே மாலை ஆறு மணிக்குக் கூண்டின் மேல் கொசுவலை இறக்கிவிடுகிறோம். எறும்புக்குப் பழைய முறைதான்: தாங்கியின் கால்களை நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவது.

கூண்டு வட்டமாக, கோபுரம் வைத்து, பித்தளையில் பளபளவென்று விற்பார்கள். அது நமக்கு அழகு, குருவிக்கு உபயோகமில்லை. அது மேலே ஏறும் பறவை அல்ல, பக்கவாட்டில் பறக்கும் பறவை. உயரத்தைவிட நீளம் முக்கியம். என் கூண்டு 2½ அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம். கம்பிகளுக்கு இடையில் அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. தலையை விட்டுச் சிக்கிக்கொள்ளும். துத்தநாகம் பூசிய புதுக் கம்பியில் அந்தப் பூச்சு துகளாக உதிரும். குருவி கொத்தினால் விஷம். உட்காரும் கொம்புக்குக் கடையில் கொடுக்கும் வழவழப்பான ஒரே அளவுக் குச்சியை எடுத்துவிட்டு, பென்சில் பருமனிலும் சுண்டுவிரல் பருமனிலும் கொய்யாக் கொம்பு வெட்டி வைத்தேன். ஒரே பருமனில் நின்றால் பாதத்தில் காய்ப்பு விழும். கொம்புகளை இரண்டு ஓரங்களிலும் வைத்து, நடுவில் பறக்க இடம் விட வேண்டும். தீனிக் கிண்ணத்துக்கு மேலே கொம்பு வைத்தால் எச்சம் தீனியில் விழும். தரைத் தட்டில் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். எச்சம் மாறினால் முதலில் அதில்தான் தெரியும்.

ஆண் கேனரி இரண்டை ஒரே கூண்டில் போட வேண்டாம். சண்டையில் ஒன்று செத்தே போகலாம்.

இன்னொன்று நம் போன்றவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல். நாம் கடை அடைத்து வீட்டுக்கு வருவது இரவு பத்து, பத்தரை. வந்ததும் விளக்கு, டி.வி., சாப்பாடு, வசூல் எண்ணுவது. கேனரிக்குப் பகல் எவ்வளவு நேரம் என்பதை வைத்துத்தான் பாடும் பருவமும் இறகு உதிரும் பருவமும் உடம்பில் முடிவாகின்றன. இரவு பதினொன்று வரை வெளிச்சம் பட்டால் பருவம் தவறி இறகு உதிரும், பாட்டு நிற்கும். பொழுது சாய்ந்ததும் துணி போர்த்தி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டு கொடுத்துவிட வேண்டும். காற்றுப் போக ஒரு பக்கம் திறந்திருக்கட்டும்.

எங்கள் பக்கத்து வெயில் பற்றிக் கேட்பீர்கள். சித்திரை, வைகாசியில் மதியம் குருவி வாயைத் திறந்து, இறக்கையை உடம்பை விட்டு விலக்கி நிற்கும். சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். கூண்டை உள் அறைக்கு மாற்றி, ஒரு பக்கம் மட்டும் ஈரத் துணி தொங்கவிடுவோம். விசிறிக் காற்றும் குளிர்சாதனக் காற்றும் நேராகப் படக்கூடாது. மண் தட்டில் ஒரு அங்குலம் தண்ணீர் வைத்தால் தானே இறங்கிக் குளிக்கும். தீபாவளிக்கு மூன்று நாளும் உள் அறைதான். சிவகாசி எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது, வெடி வேண்டாம் என்று தெருவில் யாரிடமும் சொல்ல முடியாது.

தீனி: நம் சரக்குதான்

இதில் மளிகைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பாதிச் சாமான் நம் கடையிலேயே இருக்கிறது. முக்கியத் தீனி கேனரி விதை. கோதுமைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புல்லின் விதை. இரு முனையும் கூராக, வெளிர் மஞ்சளாக மின்னும். உலகச் சந்தையில் பெருமளவு கனடாவிலிருந்து வருகிறது. அதனால் விலை கூடுதல், பழைய சரக்கைக் கலப்பதும் அதிகம். அதோடு தினை, சாமை கொஞ்சம். பேயெள்ளு ஒரு சிட்டிகை. எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் அதற்கு மேல் வேண்டாம். வெறும் தினையை மட்டும் போட்டு, 'நன்றாகத்தான் சாப்பிடுகிறது' என்பவர்கள் உண்டு. சாப்பிடும், சத்துப் போதாது.

விதையை எப்படிச் சோதிப்பது? ஈரத் துணியில் நூறு விதையை எண்ணிப் பரப்பி, துணி காயாமல் ஒரு வாரம் வைத்திருங்கள். எண்பதாவது முளைக்காவிட்டால் அந்தச் சரக்கு என் வீட்டுக்கு வேண்டாம். முளைக்காத விதையில் உயிர் இல்லை, அதைத் தின்று எது பாடும்? பூஞ்சை வாடை, சாக்கு வாடை இருந்தாலும் தள்ளிவிடுங்கள். மொத்தமாக வாங்கி அடுக்காமல் இரண்டு மாதத்துக்கு மட்டும் எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். டப்பாவுக்குப் பக்கத்தில் பாச்சை உருண்டை கூடாது.

ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி தீனி போதும். இங்கே ஒரு பெரிய ஆபத்தைச் சொல்ல வேண்டும். கேனரி விதையை உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போடும். மாலையில் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருப்பது போலவே தெரியும். என் துணைவியார் ஒரு நாள் கிண்ணத்தை எடுத்து ஊதினார். அத்தனையும் பறந்து, அடியில் நாலு விதைதான் இருந்தது. நான் அன்று காலை எட்டிப் பார்த்துவிட்டு 'இருக்கிறதே' என்று கடைக்குப் போயிருந்தேன். ஆயுளெல்லாம் முறத்தில் புடைத்துச் சரக்குப் பார்த்தவனுக்கு இது தெரியவில்லை. இவ்வளவு சிறிய உடம்பு ஓரிரு நாள் பட்டினிக்கே செத்துப் போகும். ஊதிப் பார்க்காமல் கிண்ணத்தை நம்பாதீர்கள்.

கொத்தமல்லித் தழை, முருங்கைக் கீரை, வெள்ளரி, துருவிய கேரட் இவற்றைப் பூச்சி மருந்து போக நன்றாகக் கழுவி, கொஞ்சமாகக் கொடுக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் அவித்த முட்டை, ஒரு பட்டாணி அளவு. மீதியை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், புளித்துவிடும். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள்; கணவாய் மீனின் ஓடு அது. கம்பியில் செருகி வைத்தால் தானே கொறிக்கும். அவகேடோ, சாக்லேட், உப்புப் போட்ட சேவு, மிக்சர் எதுவும் கூடாது. விருந்தாளி கையிலிருந்து முறுக்குத் துண்டு உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்களுக்குப் பெரிய வேலை.

கைக்கு வந்த கதை

கேனரி கிளி மாதிரி ஆளைத் தேடி வந்து ஒட்டும் பறவை அல்ல. தடவினால் அதற்குப் பிடிக்காது. பயமில்லாமல் விரலில் வந்து உட்காரும், கையில் தின்னும். அவ்வளவுதான் எதிர்பார்க்க வேண்டும். அதற்கும் பொறுமை வேண்டும். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. மளிகைக் கடைக்கு அனுமதி இருந்தாலும் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மதியம் 1 மணிக்கே அடைக்க வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகளில் மதியம் வீட்டில் இருந்தது அப்போதுதான். பேத்திக்கும் பள்ளிக்கூடம் இல்லை. இல்லாவிட்டால் இந்தக் குருவி இன்றும் என்னைக் கண்டு கம்பியில் மோதிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

முதல் இரண்டு வாரம் எதுவும் செய்யக் கூடாது. தீனி, தண்ணீர் மாற்றுவதோடு சரி. அதையும் தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே மாதிரிப் பேசிக்கொண்டு செய்ய வேண்டும். மேலேயிருந்து கையை இறக்கக் கூடாது. பறவைக்கு மேலிருந்து வருவது எல்லாம் வல்லூறு. பக்கவாட்டில், கீழிருந்து, மெல்ல.

பிறகு கூண்டுக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். குருவியைப் பார்க்கவில்லை, பேரேட்டைப் பார்த்தேன். உற்றுப் பார்த்தாலும் அதற்குப் பயம். வசூலாகாத பாக்கிகளை நான் முணுமுணுத்துக் கொண்டிருக்க, அது ஒரு கொம்பு அருகே வந்தது. புதிய வாடிக்கைக்காரர் முதலில் வாசலில் நின்று விலை மட்டும் கேட்டுவிட்டுப் போவாரே, அந்த மாதிரி. நாலு நாள் கழித்து என் முன்னிலையில் தின்றது.

அடுத்து, அதற்கு மிகவும் பிடித்த பேயெள்ளைக் கிண்ணத்தில் போடுவதை நிறுத்தினேன். அது என் கையிலிருந்து மட்டும்தான் கிடைக்கும் என்று ஆக்கினேன். வழக்கமான தீனியைக் குறைக்கவில்லை. பட்டினி போட்டுப் பழக்குவது கொடுமை, ஆபத்தும்கூட. கம்பிக்கு வெளியே விரல் நுனியில் ஈரம் தொட்டு நாலு விதை ஒட்டிக் காட்டினேன். மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் கழுத்தை நீட்டி ஒன்றைக் கொத்திக்கொண்டு ஓடியது. பிறகு கூண்டுக்கதவைத் திறந்து, உள்ளங்கையை உள்ளே வைத்து அசையாமல் பத்து நிமிடம். கை மரத்துப் போகும். பேத்திக்கு அந்தப் பொறுமை எனக்கு மேல் இருந்தது. "தாத்தா, நீங்க கையை ஆட்டுறீங்க, அதான் வரல" என்பாள். அவள் கையில்தான் முதலில் ஏறியது. அது நாற்பத்தோராம் நாள். எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

இடையில் ஒரு நாள் கெட்டது. கூண்டைக் கழுவ வேண்டியிருந்தது, வேலையாள் அவசரத்தில் கையை விட்டுக் கப்பென்று பிடித்துவிட்டார். குருவி இரண்டு வாரம் பின்னால் போய்விட்டது. அதைவிட முக்கியம், நெஞ்சை அழுத்திப் பிடித்தால் பறவை மூச்சு முட்டிச் செத்துவிடும். நமக்கு உள்ளது போன்ற உதரவிதானம் அதற்கு இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. பிடித்தே ஆக வேண்டும் என்றால் விளக்கை அணைத்து, இருட்டில் அசையாமல் இருக்கும்போது, முதுகுப் பக்கமாக மென்மையாக, நெஞ்சு விட்டிருக்கும்படி எடுங்கள்.

கையில் ஏறிய பிறகு அறைக்குள் பறக்க விடலாம். அதற்கு முன் சீலிங் விசிறி நிற்க வேண்டும். நிறுத்தியதோடு சுவிட்சில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிடுங்கள். யாராவது வந்து பழக்கத்தில் போட்டுவிடுவார்கள். ஜன்னல் கதவு சாத்தி, கண்ணாடிக்குத் துணி போட்டு, குடம், அண்டா எல்லாவற்றையும் மூட வேண்டும். சாப்பிடுவதற்கு முன்பு விட்டால் பசிக்குத் தானே கூண்டுக்குத் திரும்பும். துரத்தினால் எல்லாம் போயிற்று.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பாட்டு நின்றது. இறகு தரையெல்லாம் உதிர்ந்தது. எனக்கு 2008 ஞாபகம் வந்து அன்று இரவு தூங்கவில்லை. டாக்டரிடம் காட்டியதில், ஆண்டுக்கு ஒரு முறை இறகு மாற்றுவது, ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்றார். மூச்சு சீராக இருக்கிறதா, தீனி எடுக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். முட்டையும் கீரையும் கூட்டிக் கொடுத்தோம். இது தெரியாமல் பாடாத குருவியை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. 1980களில் நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ நாட்டபோம் என்பவர் கேனரியின் மூளையை ஆராய்ந்து, பாட்டுக்கான பகுதி பருவம் முடிந்ததும் சுருங்கி, அடுத்த பருவத்தில் மறுபடி வளர்கிறது, அதில் புது நரம்பணுக்களே உண்டாகின்றன என்று காட்டினார். வளர்ந்த மூளையில் புதிதாக எதுவும் முளைக்காது என்று அதுவரை நம்பி வந்தவர்களுக்கு அது பெரிய வியப்பு. அக்டோபரில் எங்கள் குருவி பாடத் தொடங்கியபோது பழைய பாட்டோடு புதிதாக ஒரு இழுப்பும் இருந்தது. எங்கள் முற்றத்துக் குழாயில் சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மாதிரி இருக்கிறது என்று பேத்தி சொன்னாள்.

நல்ல பராமரிப்பில் பத்து ஆண்டுவரை இருக்கும் என்கிறார்கள். வாங்குமுன் பக்கத்து ஊரிலாவது பறவைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் இருக்கிறாரா என்று விசாரித்து வையுங்கள். வெளியூர்க் கல்யாணத்துக்கு வீட்டோடு போகும்போது நாலு நாள் தீனியைக் கொட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். எங்களுக்கு எதிர் வீட்டு அம்மாள் வந்து பார்த்துக்கொள்கிறார். அவருக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: கிண்ணத்தை ஊதிப் பாருங்கள்.

கடைக்கு மாட்டலாம் என்று கேட்ட உறுப்பினருக்கும் சொல்லி விட்டேன். அவருடையது வத்தல் கடை இல்லை, அரிசிக் கடைதானே என்றார். தவிட்டுத் தூசியைப் பற்றி நேரில் பேசுவதாக இருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் அவரைக் குடும்பத்தோடு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் அது நன்றாகப் பாடும்.